வாசலில் நாற்காலி போட்ட நங்கையா

அந்த மருந்து ரோஸ் சர்பத் நிறத்தில் இருக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. இத்தனை நாள் பயமுறுத்திவிட்டு, கடைசியில் கல்யாண வீட்டில் கொடுப்பதைக் கொண்டுவந்து மாட்டுகிறார்களே என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே சிரிப்பு போய்விட்டது. அதன் பிறகு இன்றுவரை நான் ரோஸ் சர்பத்தைத் தொட்டதில்லை. யாராவது ஆசையாக நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கொழுப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும்.

கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் நீளமான ஹால் அது. கட்டிலில் கையை நீட்டிப் படுத்திருந்தேன். கேரளத்து நர்ஸ் ஒருத்தி என் புறங்கையைத் தட்டித் தட்டி நரம்பைத் தேடிக்கொண்டிருந்தாள். இரண்டு இடத்தில் குத்திப் பார்த்தும் கிடைக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஈரோட்டிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா படுத்திருந்தார். அவர் கையிலும் மருந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தது. தலையை மட்டும் என் பக்கம் திருப்பிக் கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, நீங்க எந்தூருங்க?"

"சோமனூர்ப் பக்கமுங்க."

"சோமனூர்ல ஆர் ஊடுங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே ஒருத்தி நரம்புக்காக என்னைச் சல்லடையாகத் துளைத்துக்கொண்டிருக்கிறாள், இவருக்கு ஊர் விசாரணை! ஆனாலும் பதில் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாது. பாட்டில் தீர்வதற்குள், அவருடைய மருமகள் பிறந்த ஊரும் என் அம்மா பிறந்த ஊரும் ஒன்று என்று கண்டுபிடித்துவிட்டார். அப்போதே அவர் எனக்குச் சித்தி முறை ஆகிவிட்டார். வீட்டுக்குப் போகும்போது, கூடையில் இருந்த இரண்டு சாத்துக்குடியை எடுத்து என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார். எங்கள் ஜனம் இப்படித்தான். இந்தக் குணத்தால் நான் சாகவும் பார்த்தேன், பிழைக்கவும் செய்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது எனக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கணவர் வீட்டை ஒட்டிய கொட்டகையில் விசைத்தறி ஓட்டினார். ஒரே மகன் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி தென்பட்டது. வலியில்லை என்பதால் நானும் சும்மா விட்டிருந்தேன். காட்டியபோது மார்பையே எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். அது ஆறியதும், மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக ஆறு தடவை இந்த மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். வியாதியின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "கட்டி" என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

மருந்து ஏற்றிய அன்று வாடகைக் காரில் திரும்புவோம். சின்னியம்பாளையம் வருவதற்குள் ஆரம்பித்துவிடும். அவினாசி ரோட்டில் அப்போது புளியமரங்கள் இருந்தன. அவற்றில் எத்தனை மரத்தடியில் நான் குனிந்து நின்றிருப்பேன் என்று எனக்கே தெரியாது. என் கணவர் ஒரு கையால் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் சொம்போடு நிற்பார். பேசமாட்டார். சாதாரண நாளிலேயே அவர் வாயிலிருந்து வார்த்தை பிடுங்குவது கஷ்டம். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அவர் தன் துண்டை விரித்து என்னை மறைத்துக்கொள்வார். அந்தத் துண்டுக்காகவே அந்த மனுஷனுக்கு ஏழு ஜென்மத்துக்கும் சோறு ஆக்கிப் போடலாம்.

முதல் தடவைக்குப் பிறகு நான் தூங்கட்டும் என்று மதியத்தில் தறியை நிறுத்தினார். திடீரென்று அமைதியாகிவிட்டதும் எனக்கு மூச்சு முட்டுவதுபோல் ஆகிவிட்டது. இருபது வருஷமாகக் கேட்ட சத்தம். "ஏனுங்க, தறிய ஓட்டுங்க, நான் தூங்கோணும்" என்று கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே போய் ஓட்டினார். தடதடவென்று சத்தம் கிளம்பியதும் நன்றாகத் தூங்கினேன்.

வாந்தியும் வாய்ப்புண்ணும் முடி கொட்டியதும் எல்லாரும் அறிந்ததுதான். தலைக்குத் தண்ணீர் ஊற்றியபோது முடி கொத்தாகக் கையோடு வந்தது. வீட்டுக்குப் பின்னால், பொடக்காளியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு மிச்சத்தையும் மழித்துவிட்டு ஒரு பருத்தித் துண்டைக் கட்டிக்கொண்டேன். இதெல்லாம் கஷ்டம்தான். ஆனால் என் உயிருக்கு ஆபத்து வந்தது இதனால் இல்லை. ஒரம்பரையால் வந்தது.

ஒரம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் உறவுக்காரர்கள், விருந்தாளிகள் எல்லாரும்தான். ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டால் போய்ப் பார்த்தாக வேண்டும். பார்க்கவில்லை என்றால் பகை. வந்தவர்களை வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக "வாங்க" என்று கேட்க வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் முடிந்தது கதை. "அன்னிக்கு ஊட்டுக்குப் போனோம், வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை" என்று சொல்லிப் பத்து வருஷம் பேசாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். என்ன தப்பு நடந்தது என்று கேட்டால் இது ஒன்றுதான் இருக்கும். ஆனால் அவர்களுக்கு அது போதும்.

எங்கள் டாக்டரம்மா வேறு ஊர்க்காரர். இரண்டாவது தடவை மருந்து ஏற்றியபோது எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். "இந்த மருந்து கெட்டதோடு சேர்த்து நல்லதையும் கொல்லும். ஒரு வாரம், பத்து நாளில் ரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்கள் குறைஞ்சிடும். அந்தச் சமயத்தில் ஒரு சாதாரணச் சளி தொத்தினால்கூட உங்களால தாங்க முடியாது. வீட்டுக்கு யாரும் வரக்கூடாது."

என் கணவர் நாற்காலியில் நெளிந்தார். "வரக்கூடாதுன்னு எப்புடீங்க டாக்டர் சொல்றது?"

"வராதீங்கன்னு சொல்லுங்க. இதில் என்ன இருக்கு?"

இதில் என்ன இருக்கிறது என்று அந்த அம்மாவுக்கு யார் விளக்குவது! என் கணவர் வீடு வரும்வரை யோசித்தார். வந்ததும் ஒரு திட்டம் சொன்னார். வெளி கேட்டைப் பூட்டிவிட வேண்டியது. அவர் மட்டும் பொடக்காளிப் பக்கமாகப் போய்வர வேண்டியது. வருகிறவர்கள் பூட்டைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள் என்று திரும்பிவிடுவார்கள். யாரையும் வராதே என்று சொன்ன பாவமும் இல்லை. இவ்வளவு பெரிய மூளையை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் தறி ஓட்டுகிறாரே என்று நினைத்தேன்.

ஐந்தாறு நாள் திட்டம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிய நேரத்தில், வேன் வந்து நின்றது. என் கணவரின் பெரியம்மா. நான் அவரைப் பெரியத்தை என்று கூப்பிடுவேன். காரணம்பேட்டைப் பக்கம் அவர் ஊர். என் மாமியார் போன பிறகு இந்தக் குடும்பத்துக்குத் தலை அவர்தான். அவர் ஒரு வீட்டுக்குப் போனால் எல்லாரும் போவார்கள், அவர் போகாத வீட்டுக்கு யாரும் போகமாட்டார்கள். வேன் நிறைய ஆட்களோடு வந்திருந்தார்.

நாங்கள் இரண்டு பேரும் உள்ளே, ஆசாரம் என்கிற முன்கூடத்தில், மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். கேட்டை ஆட்டினார்கள். கூப்பிட்டார்கள். "பூட்டியிருக்குதே, ஆசுபத்திரிக்குப் போயிருப்பாங்களாட்ட இருக்குது" என்று யாரோ சொன்னது கேட்டது. நல்லவேளை, போய்விடுவார்கள் என்று பார்த்தால், பெரியத்தை சொல்கிறார்: "இவ்வளவு தூரம் வந்துபோட்டுப் பாக்காதயா போறது? வரட்டும், இருக்கலாம்." எல்லாரும் ரோட்டோரம் வேப்பமர நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு ஒரு பக்கம் எரிச்சல், இன்னொரு பக்கம் சிரிப்பு. வாயில் துண்டை வைத்து அடைத்துக்கொண்டேன்.

நேரம் போயிற்று. வெயில் உச்சிக்கு வந்தது. அப்போது பெரியத்தையின் குரல் கேட்டது. "வாயெல்லாம் ஒணந்து போச்சு. பக்கத்தூட்டுல ஒரு சொம்புத் தண்ணி வாங்கியா சாமி."

என் கணவர் எழுந்துவிட்டார். முகமே மாறிவிட்டது. "என்ற ஊட்டுக்கு வந்தவங்க பக்கத்தூட்டுல தண்ணி வாங்கிக் குடிக்கறதா?" என்றார். நான் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டுச் சொம்பில் தண்ணீரை மொண்டுகொண்டு பொடக்காளி வழியாகப் போய்விட்டார். பூட்டின வீட்டுக்குள்ளிருந்து சொம்போடு வந்த மனுஷனைப் பார்த்து ஒரம்பரை என்ன நினைத்ததோ, பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பூட்டு திறந்தது. எல்லாரும் உள்ளே வந்தார்கள்.

நான் ஒவ்வொருவரையும் "வாங்க, வாங்க" என்று கேட்டேன். வாய்ப்புண் எரிய எரியக் கேட்டேன். பெரியத்தை என் மொட்டைத் தலையைத் தடவி அழுதார். ஒருத்தி என் கால்களைப் பிடித்துவிட்டாள். ஒருத்தி சாத்துக்குடியை உரித்துச் சுளை சுளையாக என் வாயில் ஊட்டினாள். ஒரு குழந்தை மூக்கை ஒழுக்கிக்கொண்டே என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதைக் கீழே இறக்க எனக்கு மனம் வரவில்லை. பொய் சொல்லக் கூடாது, அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அத்தனை பேருக்கும் நான் வேண்டும். அதைவிட என்ன மருந்து என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. உடம்பு தூக்கிப் போட்டது. காரில் தூக்கிக்கொண்டு போனது அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கிறது. தனி அறையில் போட்டார்கள். கண்ணைத் திறந்தால் வெள்ளைச் சுவர், மூடினால் என்னென்னவோ. என் கணவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். கேரளத்து நர்ஸ் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே, "பேடிக்கண்டா டீச்சரே" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். பயப்படாதே என்று அர்த்தம். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. மகன் முகம் வந்து வந்து போயிற்று.

பிழைத்துக்கொண்டேன். காய்ச்சல் இறங்கிய பிறகு டாக்டரம்மா வந்து கட்டிலோரம் நின்றார். அன்று அறையில் என் கணவரும் அவருடைய அக்காவும் இருந்தார்கள்.

"இந்தத் தடவை தப்பிச்சிட்டீங்க. இன்னொரு தடவை இப்படி ஆனால் என்னால மருந்தைத் தொடர முடியாது. பாதியில் நிறுத்தினால் கட்டி திரும்பி வரும். வந்தால் பிறகு என் கையில் எதுவும் இல்லை" என்றார் டாக்டரம்மா.

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய அக்கா மட்டும் கேட்டார்: "அப்ப, ஆரும் ஊட்டுக்குள்ள வரக்கூடாது. அவ்வளவுதானுங்களே?"

"அவ்வளவுதான்."

"செரிங்க. நான் பாத்துக்கறனுங்க."

கணவரின் அக்காவை நாங்கள் நங்கையா என்போம். என் நங்கையாவுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் அவர் வீடு. நான் சாணி தெளித்தால் புள்ளி பெரிசு என்பார். பருப்பு கடைந்தால் பதமில்லை என்பார். படித்த திமிர் என்று என் காது படவே சொல்வார். நானும் சும்மா இருக்கிறவள் இல்லை. ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்திருக்கிறேன். அதனால் அவர் "நான் பாத்துக்கறனுங்க" என்றபோது, இது வேறு வந்து சேர்ந்ததா என்றுதான் நினைத்தேன்.

நான் வீடு திரும்பிய மறுநாள் காலையில், கறவை வேலையை முடித்துவிட்டு வந்து, கேட்டை ஒட்டி வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மடியில் ஒரு முறம். அதில் புளியோ அவரைக்காயோ ஏதாவது ஒரு வேலை இருக்கும். பொழுது சாயும்வரை நகரமாட்டார். எனக்கான கஞ்சியையும் மிளகுசாற்றையும் தன் வீட்டில் வைத்துக் கொண்டுவந்து சமையலறை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு நாள்கூட என் கட்டில் பக்கம் வந்ததில்லை. "நானும் வெளியில சுத்தறவதான? எனக்கு மட்டும் கொம்பா மொளைச்சிருக்குது?" என்பார்.

முதலில் வந்தவர்கள் பல்லடத்திலிருந்து வந்த தம்பதி. சன்னல் வழியாக எனக்கு எல்லாம் கேட்கும்.

"அம்மணி ஆரையும் பாக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாங்க. இப்புடியே நிழல்ல நில்லுங்க. காப்பி கொண்டாறேன்."

"காப்பி குடிக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று அந்த மனிதர் கேட்டது காதில் விழுந்தது. பிறகு ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போய்விட்டார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு அர்த்தம், முகத்தில் அறைந்ததுபோல.

நான் சன்னலிலிருந்தே கேட்டேன். "நங்கையா, வாங்கன்னாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்லோ?"

முறத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "வாங்கன்னு சொல்லிப்போட்டு, அப்பறம் நில்லுங்கன்னு எப்புடிச் சொல்றது? கேட்டா உள்ளதான் வருவாங்க. பேசாம படு நீ."

சன்னலை விட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

இப்படி வாரத்துக்கு வாரம் ஆட்கள் வந்தார்கள், திரும்பினார்கள். நங்கையா ஒருவரையும் விடவில்லை. கெஞ்சியவர்களிடம் கெஞ்சினார். அதட்டியவர்களை அதட்டினார். சளிப் பிடித்திருக்கிறது என்று தறிக்காரர் ஒருவரையே ஒரு வாரம் கொட்டகைப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் கணவர் அவர் பக்கத்தில் போய் நிற்கவே பயந்தார். யாராவது வந்தால் தறிக் கொட்டகைக்குள் ஓடி ஒளிந்துகொள்வார்.

ஒரு நாள் பெரியத்தை வந்தார். இந்த முறை வேன் இல்லை, கூட ஒரே ஒரு ஆள். கையில் பச்சைப்பயறும் நாட்டுக்கோழி முட்டையும் கொண்டுவந்திருந்தார். காய்ச்சல் வந்தது தெரிந்து மனசு கேட்காமல் ஓடிவந்திருக்கிறார். நங்கையா நாற்காலியை விட்டு எழுந்து கேட்டில் கையை வைத்து நின்றுகொண்டார்.

"பெரிம்மா, உள்ள போக வேண்டாம்."

"ஏன்டி, என்ற மருமகளைப் பாக்கறதுக்கு உன்றகிட்டக் கேக்கோணுமா?"

"ஆமா, கேக்கோணும்."

"சித்தே எட்டி நின்னு பாத்துட்டு வந்தர்றேன். கண்ணுக்குள்ளயே நிக்கறா."

"வேண்டாம் பெரிம்மா. போயிட்டு, அவ நல்லானதுக்கு அப்பறம் வாங்க."

பெரியத்தை ஓரடி பின்னால் நகர்ந்தார். பிறகு சொன்னார். "என்ற தங்கச்சி ஊட்டு வாசல்ல என்னை நிறுத்திப்போட்ட. இனி உன்ற வாசலையும் நான் மிதிக்க மாட்டேன்." பச்சைப்பயறையும் முட்டையையும் கேட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். நங்கையா அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் என் சொந்த அண்ணன் வந்தார். கூடப் பிறந்தவர். அவரையும் நிறுத்திவிட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "என்ற பொறந்த ஊட்டு ஆளைத் திருப்பி அனுப்ப நீங்க ஆருங்க? உங்களுக்கு என்ன உரிமை?" அண்ணன் ரோட்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நங்கையா என் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணனிடம், "பாருங்க மாப்ளே, சத்தம் எப்புடி வருது. நல்லாத்தான் இருக்கறா. பயப்படாத போங்க" என்றார். அழுதுகொண்டிருந்த அண்ணன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்புறம் பல நாள் நான் நங்கையாவிடம் பேசவில்லை. அவர் வைத்த கஞ்சியை மட்டும் குடித்தேன். அதுவும் பதமாகத்தான் இருந்தது, அதுவேறு கடுப்பு.

ஒவ்வொரு தடவையும் மருந்துக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அணுக்கள் தேறியிருந்தால்தான் மருந்து. மூன்றாவது தடவை தேறியிருந்தது. நான்காவது தடவையும். ஐந்தாவது தடவை டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, "வீட்டில் யாரோ நல்லாப் பார்த்துக்கிறாங்க" என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் வேறு எங்கோ பார்த்தேன். அன்று திரும்பி வரும்போது எனக்கு வாந்தியோடு அழுகையும் வந்தது. வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, "நங்கையா, கஞ்சில உப்பு கம்மிங்க" என்றேன். "நாக்கு செத்துப்போச்சு உனக்கு, உப்பைக் கொற சொல்ற" என்றார். அதோடு எங்கள் பேச்சுவார்த்தை பழையபடி ஆனது.

ஆறாவது தடவையும் முடிந்தது. பாட்டிலைக் கழற்றும்போது கேரளத்து நர்ஸ் என் கன்னத்தைத் தட்டினாள். ஈரோட்டுச் சித்திக்கு இன்னும் ஒரு தடவை பாக்கி இருந்தது. "எனக்கு முன்னால தப்பிச்சுப்போட்டீங்க" என்று பொய்க் கோபம் காட்டினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சில மாதம் கழிந்தது. சோதனைகள் எல்லாம் நன்றாக இருந்தன. தலையில் முடி அரை விரல் நீளத்துக்குக் கருகருவென்று சுருண்டு முளைத்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கும் போக ஆரம்பித்திருந்தேன். அந்தத் தை மாதம் நங்கையா தன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார். ஒவ்வொரு ஒரம்பரை வீட்டுக்கும் தானே நேரில் போய், தட்டு வைத்து அழைத்திருந்தார். பெரியத்தை வீட்டுக்கும் போயிருந்தார். வாசலிலேயே நின்று அழைத்துவிட்டு வந்தாராம். அது எனக்கு அப்போது தெரியாது.

நாங்கள் காலையிலேயே போய்விட்டோம். பால் பொங்கியது. சமையல்காரர்கள் அண்டா அண்டாவாக ஆக்கி இறக்கினார்கள். பந்தலில் இலை போட்டார்கள். ஆட்களைக் காணோம். அக்கம்பக்கத்துக்காரர்களும் நங்கையா வீட்டுக்காரர் பக்கத்து ஆட்கள் சிலரும் சாப்பிட்டுப் போனார்கள். எங்கள் பக்கத்து ஒரம்பரையில் ஒருவர் வரவில்லை. இரண்டாம் பந்திக்குப் போட்ட இலைகள் வெறுமையாகக் கிடந்தன. நங்கையா தலையில் மல்லிகைப்பூவோடு கூடத்து வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டுச்சேலை கட்டியிருந்தார். எந்த வேன் சத்தம் கேட்டாலும் முந்தானையைச் சரிசெய்துகொள்வார். வேன் நிற்காமல் போய்விடும்.

பக்கத்தில் போனேன். "என்னுங்க நங்கையா, நம்ம ஆளுகளையே காணோம்?"

"வருவாங்க. வெயிலு எச்சா இருக்குதல்ல" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "வராட்டிப் போறாங்க. நீ உக்காரு, உண்ணு" என்றார்.

எனக்குச் சோறு இறங்குமா? இந்த மனுஷி மாதக்கணக்கில் வெயிலில் உட்கார்ந்து பகையைச் சம்பாதித்தது யாருக்காக? நான் மூச்சுவிடுவதற்காக. அதற்கு இவளுக்குக் கிடைத்தது இந்த வெறும் இலையா? எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பந்தல் காலில் சாய்ந்து நின்றிருந்த என் கணவரிடம் போனேன். "வண்டிய எடுங்க."

"எங்க?"

"எடுங்கன்னா எடுங்க!"

மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து காரணம்பேட்டைப் பக்கம் போனேன். பெரியத்தை வீட்டு ஆசாரத்தில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். விசேஷத்துக்குப் போகாமல் இங்கே கூடியிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒவ்வொருத்தியும் எழுந்து, "வாங்க, வாங்க" என்றார்கள். பெரியத்தையும் எழுந்தார். "வா கண்ணு! இந்த வெயில்ல ஏன் வந்த?"

நான் உட்காரவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தேன்.

"பாத்துக்குங்க பெரியத்தை. பாக்கோணும்னுதான அன்னிக்கு வந்தீங்க, நல்லாப் பாத்துக்குங்க. அன்னிக்கு என்ற நங்கையா உங்களை உள்ள உட்டிருந்தா, நீங்க இன்னொருக்கா எங்க ஊட்டுக்கு வந்திருப்பீங்க. எழவுக்கு வந்திருப்பீங்க. எழவு ஊட்டுல ஆராவது வாங்கன்னு கேப்பாங்களா? அப்படி ஒரு நாள் வரக்கூடாதுன்னுதானுங்க அவங்க உங்களை வாசல்ல வாங்கன்னு கேக்காத நின்னாங்க. அவங்க போட்ட எலை அங்க வெறும் எலையாக் கெடக்குது. எனக்கு அது தாங்கலீங்க."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. என் கணவர் கேட்டுக்கு வெளியே மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியத்தை என் பக்கத்தில் வந்தார். கையை மெதுவாக என் தலையில் வைத்து, புதிதாக முளைத்த முடியை முன்னும் பின்னும் தடவிப் பார்த்தார்.

"ஏன்டி, உனக்குக் காச்சல் வந்தது எங்களாலயா?" என்றார்.

நான் தலையை ஆட்டவில்லை. ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் சுருங்கிப்போயிற்று. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு திரும்பி மற்றவர்களைப் பார்த்து, "என்னடி பாத்துட்டு நிக்கறீங்க? போய் வேனைக் கூட்டியாரச் சொல்லுங்க. நான் சீலை மாத்தீட்டு வாரேன்" என்றார்.

நாங்கள் முன்னால் வந்து சேர்ந்தோம். பின்னாலேயே வேன் வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு வேனும் வந்தது. பெரியத்தை இறங்கி நேராகக் கூடத்து வாசலுக்குப் போய் நங்கையாவைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. சமையல்காரர்கள் சாதத்தை மறுபடி கிளறிவிட்டார்கள். பந்தி நிறைந்தது.

எல்லாரும் உட்கார்ந்த பிறகு நங்கையா கரண்டியோடு என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. "ஆரைக் கேட்டுடி வண்டில போன? இப்பத்தான எந்திரிச்சு நடக்கற? வெயில்ல, தூசில, அத்தனை தூரம்! தலைல துண்டு எங்க? உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்று எல்லார் முன்னாலும் என்னைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். இருபது வருஷமாக அவர் ஒன்று சொன்னால் நான் இரண்டு சொல்லியிருக்கிறேன். அன்று ஒன்றும் சொல்லவில்லை. திட்டட்டும் என்று நின்றேன். அவர் திட்டுவதற்கு நான் இருக்கிறேனே.